உடுப்பைக் கழற்றிய வண்டியும் உள்ளே தொங்கும் வயரும்

(ஆட்டோமொபைல் துறை, மூன்றாம் ஆண்டு)



மனித உடம்புக்கு நரம்பு எப்படியோ, மோட்டார் சைக்கிளுக்கு வயரிங் அப்படி. எலும்பு முறிந்தால் வெளியே தெரியும். நரம்பு கெட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் கை மட்டும் தூக்க வராது. வண்டியிலும் இதே கதைதான். செயின் தளர்ந்தால் சத்தம் கேட்கும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். வயருக்குள் செம்பு இழை அறுந்தால் யாருக்கும் தெரியாது. நடுராத்திரியில் நடுரோட்டில் ஹெட்லைட் அணையும்போதுதான் தெரியும்.

நாம் ஆட்டோ எலக்ட்ரிகல் பாடத்தில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் படிக்கிறோம். பரீட்சைக்கு சர்க்யூட் படமும் போட்டு மார்க் வாங்குகிறோம். அந்தப் படத்தில் வயர் என்பது ஒரு நேர்க்கோடு. ஆனால் வண்டியில் அந்தக் கோடு வளைகிறது, உரசுகிறது, நனைகிறது, சூடாகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது. குறிப்பாக, முன்பக்க ஃபேரிங்கைக் கழற்றிய வண்டியில் மிச்சமாகித் தொங்கும் வயர்களை எப்படி ஒழுங்கு செய்வது, எங்கே சுருக்கலாம், எங்கே கைவைக்கவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏன் கழற்றுகிறார்கள்?

ஸ்டைலுக்காகத்தான் கழற்றுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியும் சிலர் உண்டு. ஆனால் பட்டறைக்கு வருவதில் நிறைய, விழுந்து எழுந்த வண்டிகள். ஃபேரிங் என்பது பிளாஸ்டிக். ஒருமுறை வண்டி பலமாகச் சாய்ந்தாலே அதைப் பிடித்திருக்கும் காதுகள் உடைந்துவிடும். பழைய மாடலாக இருந்தால் புது ஃபேரிங் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் ஹெட்லைட், பிராக்கெட், வைசர் எல்லாம் சேர்த்து வாங்கினால் பழைய வண்டியின் விலைக்குக் கட்டுப்படி ஆகாது. ஆகவே உடைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வட்ட ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

நான் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கும் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 2003-ல் வெளிவந்த 223 சி.சி. மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் நூல் மில்லில் ராத்திரி பன்னிரண்டு மணி ஷிப்டுக்குப் போகிற ஒரு அண்ணன். வண்டி விழுந்து ஃபேரிங் உடைந்ததும் வேறொரு இடத்தில் கொடுத்து வட்ட லைட் மாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு விசித்திரமான நோய். நேராகப் போனால் லைட் நன்றாக எரியும். மில் ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் அணைந்துவிடும். ஹேண்டிலை நேராக்கினால் மறுபடியும் எரியும். திருப்பத்தில்தானே நண்பர்களே வெளிச்சம் வேண்டும்! அந்த ரோட்டில் தெருவிளக்கும் கிடையாது. இரண்டு தடவை பல்பு மாற்றியும் நோய் போகவில்லை. இந்த வண்டியை உதாரணமாக வைத்துக்கொண்டே மேலே பார்ப்போம்.

ஃபேரிங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கம்பெனிக்காரர்கள் ஃபேரிங்கை அழகுக்கு மட்டும் வைப்பதில்லை. அதன் பின்னால் இருக்கும் வெற்றிடம் அவர்களுக்கு ஒரு அலமாரி மாதிரி. இடது கை சுவிட்ச், வலது கை சுவிட்ச், இக்னிஷன் லாக், மீட்டர், ஹெட்லைட், பார்க்கிங் லைட், முன் இண்டிகேட்டர் ஆகிய எல்லாவற்றின் கப்ளரும் அங்கேதான் கூடுகின்றன. ஃபேரிங்கை எடுத்தவுடன் நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன.

ஒன்று, லைட்டும் மீட்டரும் பின்னால் தள்ளி வருவதால் வயர் நீளம் மிச்சமாகிறது. இரண்டு, மழைக்குக் குடை போய்விடுகிறது. கப்ளர்கள் நேராக நனைகின்றன. மூன்று, வயரைப் பிடித்திருந்த கிளிப்புகள் ஃபேரிங்கோடும் அதன் பிராக்கெட்டோடும் போய்விடுகின்றன. வயர் ஆட ஆரம்பிக்கிறது. நான்கு, வயர் போகும் பாதை மாறுகிறது. முன்பு தொடாத இரும்பை இப்போது தொடுகிறது.

நம் ஆட்கள் முதல் விஷயத்தை மட்டும்தான் கவனிக்கிறார்கள். மிச்ச வயரை ஒரு பந்து மாதிரி சுருட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றி, வட்ட லைட்டின் டூமுக்குள் திணித்துவிடுகிறார்கள். வெளியே பார்க்க சுத்தமாக இருக்கும். மற்ற மூன்றும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

சுருக்கினால் கரண்ட் நன்றாகப் போகுமா?

"வயர் நீளத்தைக் குறைத்தால் லைட் பளிச்சென்று எரியும்" என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பின் தன் மின்தடையைப் பார்த்தால், 0.5 சதுர மி.மீ. வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.035 ஓம். 35 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் இழுப்பது சுமார் 2.9 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு 0.1 வோல்ட் இழப்பு. நாம் வெட்டி எடுப்பது முப்பது சென்டிமீட்டர். ஆக லாபம் 0.03 வோல்ட். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் வெட்டி ஒட்டும்போது ஒரு புது இணைப்பு உண்டாகிறதே, அதைப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாண்டியதும் உள்ளே பச்சை பூத்துவிடும். அதன் தடை 0.3 ஓம் ஆனால் போதும், ஏறத்தாழ 0.8 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட வேகமாகக் குறையும். இந்த 0.8 வோல்ட்டுக்கு வெளிச்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதோடு அந்த இணைப்பில் 2 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகிறது. பிளாஸ்டிக் கப்ளருக்குள் அந்தச் சூடு ஓயாமல் இருந்தால் கப்ளர் பழுப்பாகி, பிறகு உருகும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிவது கட்டாயமாக்கப்பட்டதால், அந்த வண்டிகளில் இந்தச் சூட்டுக்கு ஓய்வே கிடையாது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். "பாலிடெக்னிக்கில அப்படி என்னதான்டா சொல்லித் தர்றாங்க?" என்று ஒரு நாள் கேட்டார். இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். ஓம், ஆம்பியர் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. உடனே, "லாரியில இருந்து குடோன் வரைக்கும் பத்துப் பேர் வரிசையா நின்னு மூட்டையைக் கைமாத்துறீங்கல்லப்பா, அந்த மாதிரி" என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா யோசித்துவிட்டு, "தூரம் ஒண்ணும் பண்ணாதுடா. கை மாறுற இடத்துலதான் மூட்டை விழும்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. வயரிங்கிலும் கை மாறுகிற இடத்தில்தான் எல்லாம் விழுகிறது. ஆகவே இணைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பாதையை மாற்றிப் பார்க்கவேண்டும். பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஃபிரேமை ஒட்டி இடம் இருக்கும்; மிச்ச நீளத்தைப் பின்னால் இழுத்து அங்கே கொண்டுபோகலாம். அது முடியாவிட்டால், பந்தாகச் சுருட்டாமல் நீளவாக்கில் ஒரே மடிப்பாக மடித்து ஃபிரேமோடு கட்டலாம். அதுவும் முடியாதபோதுதான் வெட்டுவது. வெட்டு கடைசி மருந்து.

கைவைப்பதற்கு முன்

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. ஏன் நெகட்டிவ் முதலில்? வண்டியின் இரும்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பெரிய தீப்பொறி. நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் பிறகு ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

ஆனால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு பட்டியல் எழுதவேண்டும். ஹை பீம், லோ பீம், பார்க்கிங், நான்கு இண்டிகேட்டர், ஹார்ன், முன் பிரேக் சுவிட்ச், பின் பிரேக் சுவிட்ச், நியூட்ரல் விளக்கு, மீட்டர் லைட், செல்ஃப், கில் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்த பிறகு, ஏற்கெனவே போயிருந்த ஹார்னும் நம் தலையில் வந்து விழும்.

அடுத்து, இருந்தது இருந்தபடி நாலு பக்கமும் போனில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கப்ளரின் இரு பாதியிலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கப்ளர் எந்த வண்டியிலும் இருக்கும்.

கலரை நம்பலாமா?

ஹோண்டா குடும்பத்து வண்டிகளில் வழக்கமான கலர் முறை இது. சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது. கறுப்பு, சாவி போட்டதும் உயிர் பெறும் வயர். பச்சை எர்த். நீலம் ஹை பீம், வெள்ளை லோ பீம். ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், இளநீலம் வலது. சாம்பல் ஃப்ளாஷருக்கு. பழுப்பு பார்க்கிங், டெயில் லைட்டுக்கு. இளம்பச்சை ஹார்ன். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பிரேக் லைட்.

இப்போது யமஹாவைப் பாருங்கள். அங்கே கறுப்புதான் எர்த். சாவி போட்டதும் உயிர் பெறுவது பழுப்பு. மஞ்சள் ஹை பீம், பச்சை லோ பீம். அதாவது ஹோண்டாவில் எர்த்தாக இருக்கும் பச்சை, யமஹாவில் கரண்ட் ஓடும் வயர். ஹோண்டாவில் கரண்ட் ஓடும் கறுப்பு, யமஹாவில் எர்த். "கறுப்பு எப்பவும் எர்த்துதான்" என்று நினைத்து ஹோண்டா வண்டியின் கறுப்பு வயரை ஃபிரேமில் முறுக்கினால் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸுக்குப் பதில் யாராவது கம்பி போட்டு வைத்திருந்தால் வயரே போகும். மேலும் பழைய வண்டியில் முன்னால் வேலை பார்த்தவர் கையில் கிடைத்த கலரைப் போட்டிருப்பார். எனவே கலரைப் பார்த்து ஊகம் செய்யலாம். முடிவு செய்வது டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர்தான்.

பட்டறை அண்ணனுக்கு இந்தக் கலர்கள் அத்தனையும் மனப்பாடம். அவர் எட்டாவதோடு நின்றவர். சர்வீஸ் மேனுவலில் உள்ள ஆங்கிலச் சர்க்யூட் படத்தைப் பார்க்கவே மாட்டார். நான் அந்தப் படத்தைப் பார்த்து, கலர் பெயர்களைத் தமிழில் எழுதி, பெரிய சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டினேன். மறுநாளே அவர் அதில் விரலை வைத்து, "தம்பி, இந்தப் பச்சை ஒண்ணாத்தான் போகுதுன்னு நெனச்சேன், இங்க ரெண்டாப் பிரியுதே" என்றார். அந்த எர்த் விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

திருப்பத்தில் அணைந்த லைட்

மில் அண்ணனின் வண்டிக்கு வருவோம். ஹேண்டில் திரும்பும்போது மட்டும் வரும் கோளாறு என்றால், ஹேண்டில் திரும்பும்போது வளையும் இடத்தில்தான் கோளாறு. அதாவது ஸ்டியரிங் கழுத்துப் பகுதி. டேங்குக்கு அடியிலிருந்து வரும் மெயின் வயரிங் அங்கேதான் வளைந்து முன்னால் போகிறது. ஃபேரிங் இருந்தபோது லைட் ஃபிரேமோடு நின்றது, ஹேண்டிலோடு திரும்பாது. இப்போது வட்ட லைட்டை ஃபோர்க்கில் மாட்டியதால் லைட்டும் ஹேண்டிலோடு திரும்புகிறது. அசையாமல் இருக்கவேண்டும் என்று போட்ட வயர், ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபடுகிறது. இந்த ஒரு மாற்றத்தை நண்பர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

உள்ளே அறுந்த வயரைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழியைப் பட்டறை அண்ணன் காட்டினார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் வயரை இரண்டு கையாலும் சிறிது தூரத்தில் பிடித்து மெதுவாக இழுக்கவேண்டும். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்திருந்தால் ரப்பர் மாதிரி நீளும். ஏனெனில் அங்கே இருப்பது மேல் உறை மட்டும்தான். வெள்ளை வயரை இழுத்தார், நீண்டது. பிளந்து பார்த்தால் இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஹேண்டிலை நேராக வைத்தால் தொடும், திருப்பினால் பிரியும். பல்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே விதி இது: நீளத்தை அளக்கும்போது ஹேண்டிலை இடது கடைசி வரைக்கும், வலது கடைசி வரைக்கும் திருப்பி, இரண்டு பக்கமும் வயர் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்து அளக்கவேண்டும். அதற்கு மேல் இரண்டு விரல் அளவு தளர்வு விடவேண்டும். வளைவு கூர்மையாக இல்லாமல் அகலமாக இருக்கவேண்டும். அந்த வளைவுக்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது. ஃபோர்க் ஸ்டாப்பருக்கு நடுவில் வயர் சிக்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். அது கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும்.

வெட்டி ஒட்டும் முறை

நடுவில் வெட்டுவதைவிட முனையில் சுருக்குவது மேல். கப்ளரின் முன்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு, பின்னைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை அழுத்தினால் பின் பின்பக்கமாக வெளியே வரும். வயரைத் தேவையான அளவுக்கு வெட்டி, புதுப் பித்தளைப் பின்னைக் கிரிம்ப் பிளையரால் அழுத்தி மறுபடி செருகினால் போதும். நடுவில் ஒரு இணைப்பும் வராது.

நடுவில்தான் ஒட்டவேண்டும் என்றால் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஒரே கனமுள்ள வயர்களையே இணைக்கவேண்டும். மெல்லிய வயரை நடுவில் போட்டால் அதுதான் சூடாகும்.

2. எல்லா வயரையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றையும் மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டினால் கட்டு தடிக்காது. ஒரு இணைப்பின் உறை கிழிந்தாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது.

3. ஒட்டுவதற்கு முன்பே ஹீட் ஸ்லீவை வயரில் கோத்துவிடவேண்டும். ஒட்டிய பிறகு கோக்க வழியில்லை.

4. இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக உறையைச் சீவி, எதிரெதிராகப் பின்னி, ஈயம் வையுங்கள். சால்டரிங் அயர்ன் வயரைச் சூடாக்க வேண்டும்; சூடான வயர் ஈயத்தைத் தானாக உறிஞ்சும். அயர்னில் ஈயத்தை உருக்கி மேலே சொட்டினால் ஒட்டாது, ஒட்டின மாதிரி தெரியும்.

5. ஈயம் ஏறிய இடம் விறைப்பாகிவிடும். விறைப்பு முடிந்து வளையும் வயர் ஆரம்பிக்கும் இடத்தில்தான் அதிர்வில் அறும். எனவே இணைப்பின் இரு பக்கமும் ஆடாமல் கட்டவேண்டும்.

6. சாதாரணக் கறுப்பு டேப் டேங்குக்கு அடியிலுள்ள சூட்டில் பசை கக்கி நழுவிவிடும். உள்ளே பசை ஒட்டும் ஹீட் ஸ்லீவும், மேலே வயரிங்குக்கான டேப்பும் போடுங்கள்.

வெளியே நனையக்கூடிய கப்ளரை வாய் கீழே பார்க்கும்படி வைக்கவேண்டும். கப்ளருக்கு வரும் வயர் ஒருமுறை கீழே இறங்கி மேலே ஏறும்படி விட்டால், மழைத்தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. ஓட்டு வீட்டில் கேபிள் வயரைச் சன்னலில் நுழைக்கும்போது கீழே தொங்கவிட்டு நுழைக்கிறோமே, அதே யுக்திதான்.

எர்த் என்ற மறக்கப்பட்டவன்

ஃபேரிங்கோடு பார்க்கிங் லைட்டும் போய்விட்டது, இனி அந்த இரண்டு வயர் எதற்கு என்று வெட்டிவிடுவார்கள். பாசிட்டிவ் வயரை வெட்டிவிட்டு முனையை மூடாமல் விட்டால் அது ஃபிரேமைத் தொட்டு ஃப்யூஸ் போகும். இது எல்லோருக்கும் தெரியும். எர்த் வயரை வெட்டினால் வருவது வேறு வகைத் தொல்லை. பல வண்டிகளில் எர்த் ஒரு சங்கிலி மாதிரி போகிறது. மெயின் வயரிங்கிலிருந்து மீட்டருக்கு, அங்கிருந்து இண்டிகேட்டருக்கு என்று பிரிந்து போகும். நடுக் கண்ணியை வெட்டினால் அதற்கப்பால் உள்ள எல்லாமே எர்த் இழக்கும்.

எர்த் இழந்த கரண்ட் சும்மா நிற்காது. வேறு பல்பின் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட் கண் சிமிட்டும், ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். "பேய் பிடிச்ச வண்டி" என்று சொல்வது பெரும்பாலும் எர்த் போன வண்டியைத்தான். வேண்டாத வயர் எது என்று முடிவு செய்ய, அதற்கு அப்பால் வேறு எதுவும் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யவேண்டும். பிறகும் அடியோடு வெட்டாமல், முனையை ஸ்லீவ் போட்டு மூடி மடித்து வைப்பது நல்லது. நாளைக்கு ஒருவர் பழையபடி ஃபேரிங் மாட்ட விரும்பலாம்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

புது வண்டிகளில் சில வயர்கள் விளக்குக்கான வயர்கள் அல்ல. செய்தி கொண்டுபோகும் வயர்கள். இரண்டு வயரை ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருந்தால் அது காரணத்தோடு செய்தது. வெளி இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக விழுந்து கழிந்துபோவதற்காக. அதைப் பிரித்து நீட்டி ஒட்டக்கூடாது. ஏ.பி.எஸ். வீல் சென்சார் வயர், பல்சர் காயில் வயர், ஈ.சி.யூ.வுக்குப் போகும் சென்சார் வயர்கள் இவற்றை மடித்துக் கட்டலாம், வெட்டக்கூடாது. வண்டி விழுந்தால் என்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சார் முன்பக்க பிராக்கெட்டில் இருந்தால், அதை முன்பிருந்த அதே திசையில் நிமிர்த்தித்தான் மாட்டவேண்டும். படுக்கவைத்து டேப் சுற்றினால், வண்டி விழுந்துகிடக்கிறது என்று நினைத்து ஸ்டார்ட்டே ஆகாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு நூறு சி.சி. வண்டிகளில்கூட ஈ.சி.யூ. வந்துவிட்டது, எனவே இது எல்லோருக்கும் பொருந்தும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எதைக் கழற்றினாலும் ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹார்ன் ஆகியவை சரியாக வேலை செய்தே ஆகவேண்டும். எதிரில் வருபவன் கண்ணுக்கு நாம் தெரிவதும் அவற்றால்தான்.

ஃப்யூஸும் கடைசிச் சோதனையும்

ஃப்யூஸ் பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. பெட்டியின் மேல் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே போடவேண்டும். "அடிக்கடி போகுது, பெரிசாப் போட்டுட்டேன்" என்றால், இனிமேல் ஃப்யூஸுக்குப் பதில் வயர் உருகும் என்று அர்த்தம். அதற்கு மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

வேலை முடிந்ததும் நேரடியாக ஃப்யூஸ் போடாமல் இப்படிச் செய்யுங்கள். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பை வயர் வைத்து மாட்டி, பிறகு சாவியைப் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் அந்தப் பல்பைத் தாண்டி சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது; எதுவும் எரியாது. மங்கலாக எரிந்தால் நியூட்ரல் விளக்கு போன்ற வழக்கமான இழுப்புதான். முழு வெளிச்சத்தில் எரியும்போது கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரித்தபோது பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட். ஒரு பல்பு செலவில் ஒரு பெட்டி ஃப்யூஸ் மிச்சம்.

அது தேறியபின் ஃப்யூஸ் போட்டு, முதலில் எழுதிய பட்டியலை வரிசையாகச் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் ஹேண்டில் நேராக, இடது, வலது என்று மூன்று நிலையிலும் பார்க்கவேண்டும். பேட்டரியிலிருந்து ஹெட்லைட் எரியும் வண்டியானால், லைட் எரியும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் பாசிட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் காட்டினால் வழியில் ஒரு கை மூட்டையை நழுவவிடுகிறது என்று பொருள். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. வரும், அங்கே இந்தச் சோதனை பொருந்தாது. கடைசியாக என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள்.

கரிஸ்மாவில் அறுந்த வெள்ளை வயரைக் கப்ளர் வரை புதிதாக மாற்றினோம். டூமுக்குள் இருந்த பந்தைப் பிரித்து மிச்சத்தை டேங்குக்கு அடியில் கொண்டுபோனோம். மொத்தத்தில் வெட்டியது மூன்றே வயர். செலவு, ஸ்லீவும் பின்னும் டேப்பும்தான். பல்புக்கு அந்த அண்ணன் இரண்டு தடவை கொடுத்த காசைவிடக் குறைவு.

நண்பர்களே, இந்த வேலையை யாரும் பாராட்டமாட்டார்கள். டேங்கை மாட்டியதும் எல்லாம் மறைந்துவிடும். பெயின்ட் அடித்தவனுக்குக் கிடைக்கும் பெயர் வயர் கட்டினவனுக்குக் கிடைக்காது. ஆனால் அடுத்து இந்த வண்டியைத் திறக்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான். ஒருவேளை அவன் மழையில் ரோட்டோரம் செல்போன் வெளிச்சத்தில் நிற்பான். அவனுக்காக, நாம் எந்த வயரை எங்கே மாற்றினோம் என்று ஒரு சின்ன அட்டையில் தமிழில் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சீட்டுக்கு அடியில் ஒட்டி வைப்போம். நாம் வாங்கப்போகும் டிப்ளமாவுக்கு அர்த்தம், தெரிந்ததை இன்னொருவன் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைப்பதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். முதல் ஆண்டு தம்பி தங்கைகள் லேபில் வயரிங் போர்டு முன்னால் நிற்கும்போது ஒரு வயரையாவது இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்துப் பழகுங்கள்.